மாறாத கோப்பு

2020 ஜனவரி கடைசியில் ஒரு மதியம், நாகர்கோவிலிலிருந்து ஒரு அப்பா எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். உதவித்தொகைத் தேர்வுக்கு அவர் மகள் விண்ணப்பித்திருந்தாள். ஹால் டிக்கெட் அன்று காலைதான் வந்திருந்தது. "சார், பொண்ணுக்கு கிருஷ்ணகிரியில சென்டர் போட்டிருக்கு. ராத்திரி பஸ் ஏறினாலும் காலையில நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமான்னு தெரியல. நாகர்கோவில்ல இல்லேன்னா திருநெல்வேலியிலயாவது மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. யாரோ யோசித்துத்தான் கிருஷ்ணகிரி என்று போட்டிருப்பார்கள் என்று நம்பிப் பேசினார். அந்த நம்பிக்கைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

யாரும் யோசித்துப் போடவில்லை. 11 என்ற எண்ணுக்கு ஒரு கோப்பில் கன்னியாகுமரி என்று பொருள், இன்னொரு கோப்பில் கிருஷ்ணகிரி என்று பொருள். அவ்வளவுதான் நடந்தது.

நான் அப்போது ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். ஒரு அறக்கட்டளைக்காக விண்ணப்பப் படிவமும் அதன் பின்னால் ஓடும் சர்வரும் நாங்கள் எழுதிக் கொடுத்தவை. படிவத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு டிராப்டவுன். அதற்கான பட்டியல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் ஆங்கில அகர வரிசையில் இருந்தது: அரியலூர் 1, சென்னை 2, கோயம்புத்தூர் 3, கடலூர் 4 என்று போய் விருதுநகர் 32-இல் முடியும். டேட்டாபேஸில் சேமித்தது அந்த வரிசை எண்ணை மட்டும். ஹால் டிக்கெட் அச்சிடும் பைத்தான் ஸ்கிரிப்டிலும் அதே 32 பெயர்கள், அதே வரிசையில் இருந்தன. இரண்டு பட்டியலும் ஒன்றுதான் என்பதை எந்தக் கோப்பும் சொல்லவில்லை. முதலில் எழுதியவருக்கு அது தெரியும், அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து புது மாவட்டங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. 32 என்பது 37 ஆனது. டிசம்பரில் எங்கள் குழுவில் ஒருவர் படிவக் கோப்பைத் திறந்து, ஐந்து பெயர்களையும் அகர வரிசையில் அதனதன் இடத்தில் சேர்த்தார். வெளியிடும் முன் அந்த மாற்றத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூ செய்தது நான். புதிதாகச் சேர்ந்ததைப் பச்சையில் காட்டும் திரையில் ஐந்து பச்சை வரிகள் தெரிந்தன. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், வரிசை சரியா என்று பார்த்தேன், ஒப்புதல் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த ஐந்து பச்சை வரிகள்தான். ரிவ்யூ என்றால் என்ன மாறியது என்பதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். கூடவே மாறியிருக்க வேண்டியது, மாறாமல் அப்படியே கிடப்பது, திரையில் வராது. பிழை முழுவதும் இருந்தது யாருமே தொடாத ஒரு கோப்பில். எத்தனை கவனமாகப் பார்த்திருந்தாலும் அன்று என் கண்ணுக்கு அது தென்பட்டிருக்க வழியில்லை.

செங்கல்பட்டு இரண்டாம் இடத்தில் நுழைந்ததும் அதற்குக் கீழே எல்லாம் ஒன்று தள்ளிப் போனது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு இரண்டு, ராணிப்பேட்டைக்குப் பிறகு மூன்று, தென்காசிக்குப் பிறகு நான்கு, திருப்பத்தூருக்குப் பிறகு ஐந்து. சென்னைப் பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூரில் தேர்வு. மதுரைக்காரர்களுக்கு நாமக்கல். திருவள்ளூர்க்காரர்களுக்கு விருதுநகர்.

இவ்வளவு பெரிய குளறுபடி சோதனையில் ஏன் சிக்கவில்லை? தானியங்கி டெஸ்ட் எல்லாமே டிராப்டவுனில் முதல் பெயரைத்தான் எடுக்கும். அது அரியலூர். அதற்கு மேலே எதுவும் நுழையவில்லை என்பதால் அதன் எண் 1 மாறவே இல்லை. புது மாவட்டம் வேலை செய்கிறதா என்று கையால் சோதித்தவர் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் புது எண் 2. பழைய பட்டியலில் 2 என்றால் சென்னை. ஹால் டிக்கெட்டில் சென்னை என்று வந்தது. செங்கல்பட்டுக்காரருக்குச் சென்னையில் மையம் கிடைத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பக்கத்து ஊர்தானே என்று அவர் சரி போட்டுவிட்டார். அவர் கையில் கள்ளக்குறிச்சி அகப்பட்டிருந்தால் ஹால் டிக்கெட்டில் கன்னியாகுமரி என்று வந்திருக்கும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தப் பைத்தான் ஸ்கிரிப்டில், பட்டியலில் இல்லாத எண் வந்தால் சென்னை மையம் என்று வைத்துக்கொள் என ஒரு வரி இருந்தது. நல்லெண்ணத்தில் எழுதிய வரி, ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று. புதிய வரிசையில் திருவண்ணாமலை 33, திருவாரூர் 34, வேலூர் 35, விழுப்புரம் 36, விருதுநகர் 37. பழைய பட்டியல் 32-லேயே முடிந்துவிடும். இந்த ஐந்து மாவட்டங்களுக்கும் அது சத்தமில்லாமல் சென்னை என்று அச்சடித்தது. அந்த ஒரு வரி இல்லாமலிருந்தால், முதல் வேலூர் விண்ணப்பம் வந்தபோதே ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றிருக்கும். நாங்கள் ஒரு மணி நேரம் திட்டு வாங்கியிருப்போம், அத்தோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு, தெரியாத மதிப்பு வந்தால் இதை வைத்துக்கொள் என்ற வரியை யாருடைய கோடில் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் நான் ஒப்புதல் கொடுப்பதில்லை.

சரிசெய்வது நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. ஸ்கிரிப்டில் புதுப் பட்டியலைப் போட்டுவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் டிசம்பருக்கு முன் வந்த விண்ணப்பங்களில் 11 என்றால் உண்மையிலேயே கிருஷ்ணகிரி. சரி, மாற்றம் வெளியான தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. பல பேருடைய போனில் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பிரவுசரிலேயே தங்கியிருந்தது. மாற்றம் வெளியாகிப் பல நாள் கழித்தும் சிலர் பழைய படிவத்திலேயே பழைய எண்களை அனுப்பியிருந்தார்கள். ஒரே தேதியில், ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள்.

கடைசியில் பின்கோடுதான் கைகொடுத்தது. 11 என்று இருந்து பின்கோடு 629-இல் தொடங்கினால் கன்னியாகுமரி, 635-இல் தொடங்கினால் கிருஷ்ணகிரி. இப்படிப் பெரும்பகுதி பிரிந்துவிட்டது. எண் 2-தான் தொல்லை கொடுத்தது. 600-இல் தொடங்கும் பின்கோடு என்றால் சென்னை என்று முடிவு கட்ட முடியாது. தாம்பரத்தின் பின்கோடு 600045, ஊர் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். தபால் துறையின் எல்லை வேறு, வருவாய்த் துறையின் எல்லை வேறு. சந்தேகமாக இருந்தவர்களின் பட்டியலை எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்தோம். நாகர்கோவில் அப்பாவுக்கு நான்தான் பேசினேன். நாகர்கோவிலிலேயே மையம் என்று சொன்னபோது, "ரொம்ப உபகாரம் சார்" என்றார். தவறு எங்களுடையது என்று இரண்டு முறை சொன்ன பிறகும் நன்றிதான் சொன்னார்.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து, கோடு சேமித்திருக்கும் கிடங்குகளான ரெப்போக்கள் எல்லாவற்றிலும் அரியலூர் என்ற சொல்லைத் தேடினேன். ஆங்கில எழுத்தில் தேடியபோது ஏழு கோப்புகள் வந்தன. தமிழில் தேடியபோது இன்னும் இரண்டு. நாங்கள் இரண்டு என்று நினைத்திருந்த பட்டியல் ஒன்பது இடங்களில் இருந்தது. படிவம், சர்வரின் சரிபார்ப்பு, டேட்டாபேஸை முதலில் நிரப்பும் கோப்பு, ஹால் டிக்கெட், மாவட்டவாரி ரிப்போர்ட், தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி, இப்படி. அந்த 32 பெயர்கூட எல்லாக் கோப்பிலும் முழுதாக இல்லை. ரிப்போர்ட் கோப்பில் திருப்பூரைக் காணோம். 2009-இல் அது மாவட்டமாவதற்கு முந்தைய ஏதோ ஒரு பட்டியலிலிருந்து யாரோ வெட்டி ஒட்டியிருக்க வேண்டும்.

டேட்டாபேஸ்காரர்கள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கணினி அறிஞர் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அடுக்கும் தன் ரிலேஷனல் மாதிரியை 1970-இல் வெளியிட்டார். ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்கள் அதைச் சுட்ட வேண்டும் என்பது அந்த வழியில் வந்தவர்களுக்குப் பாலபாடம். மாவட்ட அட்டவணையில் இல்லாத எண்ணை மாணவர் அட்டவணையில் எழுதப் பார்த்தால் ஃபாரின் கீ என்ற டேட்டாபேஸ் விதி அங்கேயே தடுத்துவிடும். ஆனால் அந்தக் காவல் டேட்டாபேஸின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கும் பைத்தான் கோப்புக்கும் நடுவே ஃபாரின் கீ கிடையாது. அதை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

எண்ணே வேண்டாம், பெயரையே சேமித்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். வரிசை மாறினாலும் பெயர் மாறாது என்பது அவர் வாதம். ஓரளவு நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆனால் அதே 2020 ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூரின் ஆங்கிலப் பெயரும் அதில் ஒன்று. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது என்பது வேறு விஷயம். பெயரைச் சாவியாக வைத்திருந்தால் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று எல்லா மாணவர்களின் பதிவையும் தொட வேண்டி வந்திருக்கும்.

ஆக, எண் வேண்டும், ஆனால் அந்த எண் வரிசையைக் குறிக்கக் கூடாது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், பிழையின் வேரே இதில்தான் இருந்தது. வரிசை என்பது படிப்பவரின் வசதிக்காக. ஆங்கிலத்தில் ஒரு வரிசை, தமிழில் வேறு வரிசை. தமிழிலேயேகூட, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் முறைப்படி, அந்த எண் வரிசையில் அடுக்கினால் கடலூருக்கு அடுத்து கன்னியாகுமரி வரும், அதன் பிறகுதான் கரூரும் கள்ளக்குறிச்சியும். யூனிகோடில் 'ன' இருப்பது 'ந'வுக்கு அடுத்து. நம் அகராதியில் 'ன' கடைசி எழுத்து, ஆகவே கன்னியாகுமரி கள்ளக்குறிச்சிக்குப் பின்னால் வர வேண்டும். ராணிப்பேட்டையை 'இ' போட்டு எழுதினால் அது மேலே ஏறிவிடும். இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றை ஒரு பிள்ளையின் அடையாளத்தோடு கட்டிவைத்திருந்தோம்.

பழைய 32-க்கும் அதே எண்களை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, புது ஐந்துக்கும் 33 முதல் 37 வரை கொடுத்தோம். ஒரு முறை கொடுத்த எண்ணை அழிப்பதில்லை, இன்னொன்றுக்குக் கொடுப்பதுமில்லை. அழிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் அரியலூரைத்தான் காட்டுவேன். அது 2001-இல் மாவட்டமானது, 2002-இல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டது, 2007-இல் மறுபடி மாவட்டமானது. நடுவில் அதன் எண்ணை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் மூல கோடில், பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்கான எண்பட்டியல்களின் தலையில் இதே கட்டளையை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த மதிப்புகள் பதிவுகளில் தங்கிவிடும், மறுபடி எண்ணிடாதே, எந்த எண்ணையும் திரும்பப் பயன்படுத்தாதே. முதலில் படித்தபோது மிகையாகத் தோன்றிய எச்சரிக்கை அது. இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிகிறது.

அடுத்த சண்டை, ஒன்பது பட்டியலையும் ஒன்றாக்குவதா என்பதில். ஒன்றாக்கு என்பதுதான் நம் துறையில் எல்லோரும் சொல்லும் பதில். ஒரு மூலக் கோப்பு, அதிலிருந்து மற்றவற்றை ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கும். பெரிய திட்டங்களில் இது அழகாக நடக்கிறது. சி மொழி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கிளாங் கம்பைலரில், அந்த மொழியின் சொற்களும் குறிகளும் டோக்கன்கைண்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. வெவ்வேறு இடங்களில் அந்தக் கோப்பையே உள்ளிழுத்து, ஓர் இடத்தில் எண்களாகவும் இன்னோர் இடத்தில் பெயர்களாகவும் விரித்துக்கொள்கிறார்கள். புதுச் சொல் ஒன்று சேர்ந்தால் ஒரு வரி போதும்.

எங்களுக்கு அது பாதிதான் பொருந்தியது. படிவம், சர்வர், டேட்டாபேஸ் மூன்றும் ஒரே ரெப்போவில் இருந்ததால், ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) வைத்து, நிரலைத் தொகுக்கும் பில்ட் ஓடும்போது மூன்றையும் உருவாக்கினோம். ஹால் டிக்கெட் ஸ்கிரிப்ட் வேறு ரெப்போ, வேறு ஆட்கள். குறுஞ்செய்திக் கோப்பில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேற்றுமை உருபோடு முழு வாக்கியம் இருந்தது. சென்னையில், மதுரையில், கடலூரில், தூத்துக்குடியில், நாமக்கல்லில். இதை ஸ்கிரிப்ட் எழுதினால் கடலூர்இல் என்று வரும், இல்லையென்றால் புணர்ச்சி விதிகளை எல்லாம் அதற்குச் சொல்லித்தர வேண்டும். 37 வாக்கியத்தைக் கையால் எழுதுவது எளிது. அந்த ஸ்கிரிப்டை மூன்று வருடம் கழித்து யாராவது திறந்து புரிந்துகொள்வது கடினம்.

அங்கெல்லாம் பிரதியை அப்படியே விட்டுவிட்டு, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் எழுதினோம். மூலக் கோப்பையும் பிரதியையும் படி, எண்களையும் பெயர்களையும் ஒப்பிடு, ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எது என்று சொல்லி நில். இருபது வரிகூட இல்லை. எனக்கு இப்போது இருக்கும் கருத்து இதுதான்: யாருக்கும் புரியாத ஸ்கிரிப்ட் உருவாக்கித் தரும் ஒரே மூலத்தைவிட, நடுவே காவல் நிற்கும் இரண்டு பிரதிகள் மேல். பிரதி இருப்பதால் ஆபத்து வருவதில்லை, விலகல் சத்தமில்லாமல் நடக்கும்போதுதான் வருகிறது.

இதை மிக நுணுக்கமாகச் செய்திருக்கும் கருவி என்று நான் நினைப்பது கோ என்ற நிரல் மொழியின் ஸ்ட்ரிங்கர். எண்களுக்குப் பெயர் எழுதித் தரும் சிறிய கருவி அது. எழுதித் தரும் கோப்பில் கூடவே ஒரு விசித்திரமான பகுதியும் இருக்கும். ஒரே ஓர் இடம் கொண்ட வரிசையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாறிலியிலிருந்தும் (பெயரிட்ட நிலையான எண்) அதன் பழைய மதிப்பைக் கழித்து, அந்த விடையால் வரிசையைச் சுட்டும். மதிப்பு மாறாமல் இருந்தால் விடை பூஜ்யம், கம்பைலர் பேசாமல் போய்விடும். யாராவது நடுவில் ஒரு பெயரைச் செருகி எண்கள் தள்ளிப் போயிருந்தால் விடை பூஜ்யமாக இருக்காது, கம்பைல் ஆகாது. அந்த இடத்துக்கு மேலேயே, மாறிலிகளின் மதிப்பு மாறிவிட்டது, கருவியை மறுபடி ஓட்டு என்று கமெண்ட் இருக்கும். எங்களுக்கு நடந்தது அச்சு அசலாக இந்தப் பிழைதான். அதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, பிழை வந்து நிற்பவர் கண்ணில் படும் இடத்திலேயே மருந்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் டெஸ்ட் முதல் முறை ஓடியபோது, குறுஞ்செய்திக் கோப்பில் கோயம்புத்தூர் இல்லை என்று சொல்லி நின்றது. திறந்து பார்த்தால் இருக்கிறது. சிஎஸ்வியிலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம், ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. அரை நாள் போனது. கடைசியில் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: 'கோ'வில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்திருக்கிறார், இன்னொருவர் வேறொன்றில். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் இயல்பாக்க முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் சரியானது. தமிழ்ப் பெயர்களை எங்காவது ஒப்பிடுகிறீர்கள் என்றால் இதை இன்றே செய்துவிடுங்கள். தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் உங்களைக் காட்டிக்கொடுக்காது, கோயம்புத்தூரும் ஈரோடும் காட்டிக்கொடுக்கும்.

2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. இந்த முறை சிஎஸ்வியில் ஒரு வரி சேர்த்தேன், எண் 38. பில்ட் உடனே நின்றது: மயிலாடுதுறை, குறுஞ்செய்திக் கோப்பில் இல்லை. எழுதினேன். மறுபடி நின்றது: மயிலாடுதுறை, ஹால் டிக்கெட் பட்டியலில் இல்லை. அந்தக் குழுவுக்குச் சொல்லி, அவர்கள் சேர்த்த பிறகு டெஸ்ட் தேறிப் பச்சை வந்தது. மாறாத கோப்புகள் இரண்டும் தாமாகவே எழுந்து வந்து என் முன்னால் நின்றன.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. 2019-இல் சீர்காழியிலிருந்து விண்ணப்பித்த பிள்ளையின் மாவட்டம் நாகப்பட்டினம் என்று இருக்கிறது. இப்போது சீர்காழி மயிலாடுதுறை மாவட்டத்தில். மாற்றவில்லை. விண்ணப்பித்த நாளில் அதுதான் உண்மை. சிஎஸ்வியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எந்தத் தேதி முதல் என்று ஒரு நிரல் சேர்த்துக்கொண்டோம்.

ஒரே ஒரு பிரதி மட்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மாவட்டத்துக்கு ஒருவராக இருக்கும் தேர்வு மையப் பொறுப்பாளர்களின் பட்டியல் அறக்கட்டளை அலுவலகத்தில் ஓர் அம்மாவின் கணினியில், ஓர் எக்ஸெல் கோப்பாக இருக்கிறது. எந்த டெஸ்டும் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே எங்கள் சிஎஸ்வியின் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: இந்தப் பட்டியலில் எதை மாற்றினாலும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் செய்து, பொறுப்பாளர் பட்டியலையும் மாற்றச் சொல்லவும். மயிலாடுதுறையைச் சேர்த்த அன்று நான் போன் செய்தேன். "இருங்க தம்பி, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்ப வந்து, "மயிலாடுதுறைக்கு யாரைப் போடுறது, நாகப்பட்டினத்துக்காரரையே இப்போதைக்குப் பார்த்துக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.